முச்சுருளியும் கோணப்படமும்: ஜீ. என். இராமச்சந்திரனின் ஆராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு

விஞ்ஞான அறிஞரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகையினவாக அமைந்துவிடுகின்றன. பிறந்த ஊர், பெற்றோர், பெற்ற பட்டங்கள், பெற்ற பரிசில்கள் என்பனவற்றை நிரல்படக் கூறி வாழ்த்தி முடிப்பது ஒருவகை. கிடையாத பரிசிலை நினைந்து மேனாட்டாரை நொந்துகொள்வது மற்றொரு வகை. மூலக்கூற்று உயிர்ப்பௌதிக அறிஞராகிய ஜீ. என். இராமச்சந்திரனைப் பற்றிய எழுத்துக்களில் இவ்விரண்டும் நிரம்ப உள. நோபல் பரிசு அவருக்கு மறுக்கப்பட்டது என்னும் மனத்தாங்கல் முன்வந்து நிற்பதால், அவர் கண்டது யாது, அதனுள் நிலைபெற்றது எது, பிறரால் திருத்தப்பட்டது எது என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டுவிட்டன. மேனாட்டார் அவருடைய ஆராய்ச்சியை மறுத்தபோது அதனை வரிவரியாகப் படித்துவிட்டே மறுத்தனர். அவரைப் போற்றுவோர் பலர் அவ்வளவுதானும் படித்தாரல்லர்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், எர்ணாகுளத்தில், 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆந் திகதி இராமச்சந்திரன் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளிச் சூசையப்பர் கல்லூரியில் பௌதிகங் கற்று, 1942 இல் மின்பொறியியல் பயிலவென்று பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற் சேர்ந்தவரைச் சேர். சி. வி. இராமன் தம்முடைய பௌதிகப் பகுதிக்கு இழுத்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிறிட்ஜில் எக்ஸ் கதிர்ப் பளிங்கியலை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1952 இல் புதிதாகத் தொடங்கிய பௌதிகத் துறைக்குத் தலைவர் வேண்டுமென்று இராமனை நாட, அவர் தம் மாணாக்கரைச் சுட்டினார். முப்பதாம் அகவையில் நின்ற இளைஞரொருவர் கிண்டியிலே பேராசிரியரானது இவ்வாறேயாம். இராமச்சந்திரனின் பெயர் நிலைத்தற்குரிய ஆராய்ச்சியெல்லாம் சென்னையில் அவர் கழித்த பதினெட்டாண்டுகளில் நிகழ்ந்தது.

புதுத் துறை, புதுக் கருவிகள், எடுத்துக்கொள்ளத்தக்க பொருள் யாதென்று தேடிய வேளையில், இலண்டனிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஜே. டி. பேர்ணல், கொலாஜன் என்னும் புரதத்துக்கு அதுகாறும் கூறப்பட்ட அமைப்புக்களுள் ஒன்றேனும் மனத்துக்கு நிறைவு தருவதன்று என்று எடுத்துரைத்தார். தோல், தசைநாண், என்பு, கசியிழையம் என்பவற்றின் வலிமைக்கு ஆதாரமானது கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் அதுவே. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையிலேயே இருந்தது நல்வாய்ப்பாயிற்று. அதன் வாயிலாகக் கங்காருவின் வாற்றசைநாண் கிடைத்தது. அதனூடு எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுக்கும் பணியை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மேற்கொண்டனர்.

நார்ப்பொருளின் எக்ஸ் கதிர்ப்படம் பளிங்கின் படம் போன்று விரிவாகப் பேசுவதன்று. சில புள்ளிகளும் மங்கிய வில்களுமே தோன்றும். அவற்றைக்கொண்டு ஓரமைப்பை நேரே கணித்தெடுத்தல் இயலாது. ஓரமைப்பை முதலிற் கருதி, அது படத்தோடு பொருந்துகிறதா என்று நோக்குதலே வழி. ஆதலின் இரசாயனம் தரும் துணுக்குச் செய்திகள் இங்கே பெரும்பயன் தருவன. கொலாஜனிலுள்ள அமினோவமிலங்களுள் மூன்றிலொரு பங்கு கிளைசீன். கிளைசீனோ அமினோவமிலங்களுள் மிகச் சிறியது. ஏனையவற்றுக்குப் பக்கச்சங்கிலி இருக்குமிடத்தில் அதற்கு ஓர் ஐதரசன் அணுவே உண்டு. மூன்றிலொன்று என்னும் இவ்விகிதத்தை இராமச்சந்திரன் தற்செயலென்று தள்ளிவிடவில்லை. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு தண்டாக நின்று, ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மூன்றாவது இடம் தண்டின் உட்புறத்தை நோக்குமாயின், அவ்வொடுங்கிய இடத்தில் அடங்கத்தக்கது கிளைசீன் ஒன்றே. இக்கருத்தைத் தாங்கிய சிறு கட்டுரை 1954 இல் "நேச்சர்" இதழில் வெளிவந்தது.

அவ்வாண்டுக் கட்டுரையில் மூன்று சுருளிகளும் நேராக நிற்பனவாகவே காட்டப்பட்டன. அது படத்தோடு முற்றும் பொருந்தவில்லை. மறுவருடமே, 1955 செத்தெம்பரில், அவ்விருவரும் தம் அமைப்பைத் தாமே திருத்தினர். மூன்று சுருளிகளும் பொது அச்சொன்றைச் சுற்றி மெல்ல முறுகிச் செல்கின்றன என்பதே திருத்தம். கயிறு திரிப்போர் செயலைக் கண்டவருக்கு இஃது எளிதில் விளங்கும். புரியை ஒருபக்கமாகவும் புரிகள் கூடிய கயிற்றை அதற்கு மறுபக்கமாகவும் முறுக்குவர். அவ்வாறு செய்தாலன்றிக் கயிறு பிரிந்துவிடும். கொலாஜனிலும் தனிச்சங்கிலி இடஞ்சுழியாகவும் மூன்றும் கூடிய தண்டு வலஞ்சுழியாகவும் முறுகியுள்ளன.

இதன்பின் எழுந்ததே பலராலும் பேசப்படும் விவாதம். அதே ஆண்டு நவம்பரில் கேம்பிறிட்ஜிலிருந்து அலெக்சாந்தர் றிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் "நேச்சர்" இதழிலேயே தம்முடைய அமைப்பை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் முறுகிநிற்கும் அடிப்படைக் கருத்து சரியே, ஆயின் சென்னையார் காட்டிய அமைப்பு பிழையானது என்பது அவர்தம் தீர்ப்பு. வேறுபாடு எங்கே என்பதை நுணுகி நோக்கல்வேண்டும். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவன ஐதரசன் பிணைப்புக்கள். மூன்று அமினோவமிலங்களுக்கு அத்தகைய பிணைப்பு இரண்டு என்றனர் சென்னையார். ஒன்றே என்றனர் கேம்பிறிட்ஜார். இரண்டு பிணைப்புக்கு இடங்கொடுத்தால் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கும் தூரம் இயற்கைக்கு ஒவ்வாத அளவு குறுகிவிடும் என்பது அவர் கூறிய காரணம்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவோர் ஒருபக்கஞ் சாய்தலே பெருவழக்கு. பாடநூல்கள் பல நெடுங்காலமாகக் கேம்பிறிட்ஜாரின் பெயரோடு மட்டும் முச்சுருளியை இணைத்து வந்தன. சங்கிலிகள் மூன்று என்பதும், கிளைசீன் உள்ளச்சில் நிற்பது என்பதும், மூன்றும் கூடி முறுகுவன என்பதும் சென்னையிலிருந்தே முன்னர் வெளிவந்தன ஆதலின் அது நேர்மையன்று. தமிழிலும் இந்தியப் பத்திரிகைகளிலும் எழுதுவோரோ, அமைப்பு முழுவதும் சென்னையாருடையது, பின்வந்தோர் அதனைக் கவர்ந்துகொண்டனர் என்பர். இதுவும் நேர்மையன்று. பிணைப்புக்களின் எண்ணைப் பொறுத்தவரை கேம்பிறிட்ஜாரே சரி. இந்நூற்றாண்டில் அதனை மறுப்பாரிலர். கருத்து ஒருவருடையதாகவும் அணுவிடங்களின் கணக்கு மற்றொருவருடையதாகவும் இருத்தல் கூடும் என்பதை ஒப்புக்கொண்டால் வழக்கிற் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனை ஒப்புக்கொள்ள இருபுறத்து ஆதரவாளருக்கும் மனம் வருவதில்லை என்பது வேறு.

பிழை சுட்டப்பட்டபோது இராமச்சந்திரன் செய்த செயல் பெரிதும் நோக்கத்தக்கது. "இவ்வளவு நெருக்கம் கூடாது" என்று கூறப்பட்டது. எவ்வளவு நெருக்கம் கூடும் என்பதை அந்நாளில் எவரும் முறையாக அளந்து வைத்திருந்தாரல்லர். ஆகவே அமினோவமிலங்கள், சிறு பெத்தைட்டுக்கள் முதலியவற்றின் பளிங்கமைப்புக்களுள் அதுவரை வெளிவந்தவற்றைத் திரட்டி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எத்துணை அண்மையில் வந்து நிற்கின்றன என்று பட்டியலிட்டனர் சென்னையார். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்று, அரிதாகக் காணப்படும் இறுதியெல்லை ஒன்று என ஒவ்வோர் அணுச்சோடிக்கும் இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. காபனுக்கும் காபனுக்கும் இடையே 3.2 அங்ஸ்ரோம், இறுதியாக 3.0, ஐதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையே 2.0, இறுதியாக 1.9, ஏனையவும் இவ்வாறே. இரண்டாம் ஐதரசன் பிணைப்பை இப்பட்டியல் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. ஆனால் தொடங்கிய நோக்கத்தினும் பன்மடங்கு பெரிய பயனொன்று அதிலிருந்து பிறந்தது.

புரதச் சங்கிலியின் கட்டமைப்பை ஓர் உவமையால் விளக்கலாம். விறைத்த பனையோலைத் துண்டுகள் பலவற்றை மூலைக்கு மூலை முள்ளாற் கோத்து நீண்டதொரு மாலையாக்கினால், ஒவ்வொரு துண்டும் தன்னளவில் வளையாது. முள் குத்திய மூலையிலேதான் திரும்பும். புரதத்தில் ஓலைத்துண்டு போன்றது பெத்தைட்டுக் கூறு. அது தட்டையானது, வளையாதது என்பதைப் போலிங்கும் கோறேயும் முன்னரே நிறுவியிருந்தனர். முள் குத்திய மூலை போன்றது அல்பாக் காபன் அணு. அதன் இருபுறத்தும் சுழற்சி ஒவ்வொன்று உண்டு. ஒன்றன் கோணத்துக்குப் பை என்றும் மற்றதற்குச் சை என்றும் பெயர். சங்கிலியிலுள்ள ஒவ்வோர் அல்பாக் காபனுக்கும் இவ்விரு கோணங்களையும் கூறிவிட்டால் முதுகெலும்பு போன்ற அதன் உருவம் முழுவதும் கூறப்பட்டதாகும்.

இரு கோணங்களே ஆதலின் அவற்றை ஒரு சதுரத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் குறிக்கலாம். தாளிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஓர் உருவம். அப்புள்ளியில் எந்த அணுவாயினும் மற்றோர் அணுவைப் பட்டியலெல்லைக்கு உட்பட்டு நெருக்குகிறதா என்று கணக்கிடவேண்டும்; நெருக்கினால் அப்புள்ளி விலக்கப்படும். இன்றைய கணினிகள் இல்லாத நிலையில், மேசைமேல் வைக்கும் கணக்குப் பொறியின் துணையோடு வீ. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் இக்கணக்கைச் செய்தனர். அலனீன் போன்ற பக்கச்சங்கிலியுள்ள அமினோவமிலத்துக்குத் தாளின் ஏறத்தாழ முக்காற்பங்கு விலக்கப்பட்டது. எஞ்சியவை சில தீவுகளே. போலிங் கண்ட அல்பாச் சுருளி ஒரு தீவிலும், பீற்றாத் தகடும் கொலாஜனின் சங்கிலியும் மற்றொரு தீவிலும் வந்து விழுந்தன. பக்கச்சங்கிலியற்ற கிளைசீனுக்கோ தாளின் பெரும்பகுதி திறந்து கிடந்தது. 1963 இல் "மூலக்கூற்று உயிரியல் இதழில்" ஐந்து பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது. உலகெங்கும் "இராமச்சந்திரன் படம்" என்று வழங்குவது இதனையே.

அந்நாளில் அணுநிலைவரை அமைப்பு அறியப்பட்ட புரதம் கென்றூ கண்ட மயோகுளோபின் ஒன்றே என்பதை நினைவிற்கொள்ளல்வேண்டும். நூற்றுக்கணக்கான புரதங்களை ஆராய்ந்து பொதுவிதி காணுதல் ஒருவகைத் திறன். புரதங்கள் அறியப்படுமுன்னரே அவை எங்கே நில்லா என்று கூறுதல் வேறுவகைத் திறன். 1971 இல் தொடங்கப்பெற்ற புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புக்கள் உள. புதிதாக ஓரமைப்பைக் கண்டோர் அதனை வெளியிடுமுன் இப்படத்தின்மீது வைத்துச் சோதிப்பது கட்டாய வழக்கமாயிற்று. புள்ளிகள் பல விலக்கப்பட்ட இடத்தில் வீழ்ந்தால் ஐயுறவேண்டியது ஆராய்ச்சியாளரின் கைத்திறனையே, இயற்கையை அன்று. எக்ஸ் கதிர்த் தரவைப் பிழைபடப் பொருத்திய அமைப்புக்கள் இச்சோதனையால் வெளிப்பட்டதுண்டு. 2024 இல் இரசாயன நோபல் பரிசிற் பங்குபெற்ற கணினிவழி எதிர்வுகூறலிற் கிடைக்கும் வடிவங்களும் இச்சோதனைக்கு விலக்கல்ல.

எனினும் இப்படத்துக்கு மிகை கூறுதல் பொருந்தாது. அணுக்களை விறைத்த பந்துகளாகக் கொள்ளுதல் ஒரு சுருக்கமே. அல்பாக் காபனிடத்துப் பிணைப்புக் கோணத்தைச் சிறிது அகலவிட்டால் தீவுகள் பெருக்கின்றன. முதற்படத்தில் விலக்கப்பட்டிருந்த இடைநிலப் பகுதிகளிலும் உண்மைப் புரதங்கள் வாழ்கின்றன. இதனைச் சென்னையார் தாமே அறிந்திருந்தனர். அன்றியும், இப்படம் கூறுவது எதிர்மறைச் செய்தி. சங்கிலி எவ்வுருவத்தைக் கொள்ளமாட்டாது என்று அது கூறும். அநுமதிக்கப்பட்ட எண்ணிலா உருவங்களுள் எதனைத் தெரிந்துகொள்ளும் என்று கூறாது. புரதம் மடியும் மறைபொருளை இராமச்சந்திரன் தீர்த்துவிட்டார் என்று சில கட்டுரைகளில் எழுதப்பட்டிருப்பது அவர் கூறாத கூற்று.

பெயரிடுதல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1963 ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலையில் மூன்று பெயர்கள் உள. வழக்கில் நின்றது ஒன்று. தலைவரின் பெயர் நிற்றல் ஆய்வுகூட வழக்கம் என்று அமைதி கூறலாம். ஆயினும் கோணந்தோறும் கோணந்தோறும் தூரங்களைக் கணக்கிட்ட மாணாக்கர் இருவரையும் விட்டுவிட்டு, அவருள் ஒருவரான இராமகிருஷ்ணனை 2009 இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனோடு மயக்கி எழுதுவாரையும் காண நேர்கிறது. சிதம்பரத்திற் பிறந்து இறைபோசோமை ஆராய்ந்தவர் வேறொருவர்.

கொலாஜனும் கோணப்படமும் தவிர்ந்த பணிகளுள் ஒன்றைச் சிறப்பாகச் சொல்லலாம். 1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு பொருளின் உள்ளுருவை மீட்கும் கணிதமுறையொன்றை அவர் அமெரிக்க விஞ்ஞானக் கழக இதழில் வெளியிட்டார். பூரியே மாற்றத்தின் வழியாகச் சுற்றிச் செல்லாது நேரே கணக்கிட்டமையால் அது விரைவும் திருத்தமும் உடையதாயிற்று. மருத்துவமனைகளில் உடலைக் குறுக்காக வெட்டிக்காட்டும் கதிர்ப்படக் கருவிகளின் கணக்கு இம்முறையின் வழிவந்தது. அக்கருவிக்காக 1979 இல் நோபல் பரிசு பெற்ற கோர்மாக்கும் ஹவுன்ஸ்பீல்டும் வேறு வழியிற் சென்றவர்கள். அவர்களிடமிருந்து எதுவும் பறிக்காமலே இதன் பெருமையைச் சொல்ல முடியும்.

1970 இல் சென்னையை விட்டு நீங்கிய அவர், பெங்களூரிலே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியை நிறுவினார். 1977 இல் இறோயல் கழக உறுப்பினரானார். 1999 இல் அனைத்துலகப் பளிங்கியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் அளவையியலைக் கணிதக் குறிகளால் எழுதும் முயற்சியில் அவர் பெரிதும் ஈடுபட்டார். சமணருடைய சியாத்வாதத்தையும் அதனுட் கொணர்ந்தார். அவற்றைப் படிப்போர் இலர் என்றே கூறலாம். கொலாஜன் ஆராய்ச்சியில் அவரைத் திருத்தவும் தூண்டவும் ஒரு கேம்பிறிட்ஜ் இருந்தது. அளவையியலில் அவரை மறுத்துரைப்பார் எவருமிலர். 2001 ஏப்பிரல் 7 ஆந் திகதி சென்னையில் அவர் காலமானார்.

அந்தப் பழைய வழக்குக்கு இன்னும் ஒரு பகுதி உண்டு. இரண்டாம் பிணைப்பை இராமச்சந்திரன் எளிதிற் கைவிட்டாரல்லர். நேர்ப்பிணைப்புக்கு இடமில்லையாயின், இடையில் ஒரு நீர் மூலக்கூறு நின்று இரு சங்கிலிகளையும் இணைத்தல் கூடுமென்று 1968 இல் ஆர். சந்திரசேகரனோடு சேர்ந்து எழுதினார். கொலாஜனுக்குச் சிறப்பாயுரிய ஐதரொட்சிப்புரோலீனும் அந்நீர்வழியே உறுதி தருகிறதென்று 1973 இல் மஞ்சு பன்சல் முதலியோரோடு கருத்துரைத்தார். (இவ்வமிலத்தை உடல் ஆக்குதற்கு உயிர்ச்சத்து சீ வேண்டும். அது குறைந்தவழி முரசு கரைந்து குருதி கசிவது கொலாஜன் தளர்தலினாலேயே.) 1994 இல் பெல்லா, ஈற்றன், புறொட்ஸ்கி, பேர்மன் என்னும் நால்வர், கொலாஜனை ஒத்த ஒரு பெத்தைட்டைப் பளிங்காக்கி அணுநிலையில் நோக்கினர். நேர்ப்பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே. கிரிக்கும் றிச்சும் சொன்னபடி. ஆனால் முச்சுருளியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக நின்று சங்கிலிகளைப் பாலம் போல் இணைத்திருந்தமையும் அதே படத்திற் காணப்பட்டது.

வழக்கு அவ்வளவில் முடிந்ததென்று சென்னையின் ஆதரவாளர் மகிழ்ந்தனர். ஆயின் 1998 இல் இறெயின்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஐதரொட்சிப்புரோலீனின் இடத்தில் புளோரீன் ஏற்றிய புரோலீனை வைத்துப் பார்த்தனர். புளோரீன் அவ்வாறு நீரைப் பற்றிக்கொள்ளும் இயல்பினதன்று. எனினும் முச்சுருளி முன்னிலும் உறுதியாய் நின்றது. நீர் அங்கே உண்டு என்பது பெறப்பட்டது. ஐதரொட்சிப்புரோலீன் தரும் உறுதிக்கு அந்நீரே காரணம் என்பது பெறப்படவில்லை.